ஆறாம் காலில் ஒரு ரெசிஸ்டர்: மலிவான டிலே பெடல் ஏன் இவ்வளவு எளிதாக வளைகிறது?

கிட்டார் டிலே பெடலைத் திறந்து, போர்டில் இரண்டு இடங்களில் ஒயரைப் பற்றவைத்து, ஒரு சுவிட்சைத் தட்டியதும் எதிரொலி கிணற்றுக்குள் விழுவதுபோல் சுருதி இறங்கும் காணொளிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்த்த கையோடு தங்கள் பெடலைத் திறப்பவர்களில் ஒருவருக்கு அது அப்படியே வேலை செய்கிறது. இன்னொருவருக்கு ஒன்றுமே நடப்பதில்லை. மூன்றாமவரின் பெடல் ஊமையாகிவிடுகிறது. மூவரும் செய்தது ஒரே வேலைதான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். பொம்மைகளையும் பழைய கீபோர்டுகளையும் வளைக்கும்போது, அதாவது இப்படி ஒயரால் இணைத்து ஒலியை மாற்றும்போது, அதில் ஓரளவு உண்மையும் உண்டு. டிலே பெடலில் அப்படியில்லை. அதில் கேட்கத் தகுந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன: நினைவகத்தின் அளவு மாறாது, அதை ஓட்டும் வேகம் மாறும். இந்த ஒன்று பிடிபட்டால் எந்தப் பெடல் வளையும், எது வளையாது, எது செத்துப்போகும் என்பதைத் திறப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

## முதலில் சொற்கள்

டிலே என்பது உள்ளே வரும் ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, பிறகு நேரடி ஒலியோடு சேர்த்து வெளியே விடும் கருவி. மலிவான பெடல்களில் வழக்கமாக மூன்று குமிழ்கள் இருக்கும். ஒன்று தாமத நேரம். இன்னொன்று எதிரொலியின் அளவு. மூன்றாவது, எதிரொலி எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பது. இந்த மூன்றாவது குமிழ்தான் ஃபீட்பேக். வெளியே வரும் எதிரொலியில் ஒரு பங்கை எடுத்து மறுபடி உள்ளே ஊட்டுவது அதன் வேலை.

சர்க்யூட் பெண்டிங் என்பது பேட்டரியில் ஓடும் மலிவான ஒலிக்கருவியைத் திறந்து, வடிவமைத்தவர் நினைத்தே பார்க்காத இடங்களை ஒயரால் இணைத்து, புது ஒலி கிடைக்கிறதா என்று தேடுவது. அமெரிக்காவைச் சேர்ந்த ரீட் கசாலா 1960களில், தன் மேசை இழுப்பறைக்குள் கிடந்த பொம்மை ஆம்ப்ளிஃபையர் எதிலோ உரசி ஷார்ட் ஆகி விநோதமாக ஒலித்ததைக் கேட்டு இதைத் தொடங்கினார். இந்தப் பெயரை 1992-இல் சூட்டியவரும் அவரே. சர்க்யூட் வரைபடத்தைப் பார்க்காமல், காதை மட்டும் நம்பித் தேடுவது என்பதே இதன் மூல இலக்கணம்.

மாடிஃபிகேஷன் என்பது வேறு. அதில் என்ன செய்கிறோம், என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். கறாராகப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் வரும் பாதி விஷயங்கள் இந்த இரண்டாம் வகைதான். பெயரைப் பற்றிச் சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம். சிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

## ஒலியைப் பிடித்துவைக்க மூன்று வழிகள்

முதல் தலைமுறை டிலேக்கள் காந்த நாடாவில் ஓடின. பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே நாடா கடக்கும் நேரம்தான் தாமதம். ரோலண்ட் நிறுவனம் 1974-இல் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ இந்த வகையில் பெயர்பெற்றது.

இரண்டாவது வழி, 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான பக்கெட் பிரிகேட் சிப். தீயணைக்க மனிதர்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல், ஆயிரக்கணக்கான சிறு கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும். எம்என்3005 என்ற சிப்பில் இப்படி 4096 படிகள் இருந்தன. அதிகபட்சம் 204.8 மில்லி நொடி தாமதம் கிடைத்தது.

மூன்றாவது வழி, ஒலியை எண்ணாக மாற்றி நினைவகத்தில் எழுதிப் படிப்பது. இன்று விற்கும் மலிவான பெடல்களில் பெரும்பங்கு இந்த வகைதான். அவற்றில் ஒரு கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது பிடி2399.

## கரோக்கேக்குப் பிறந்த சிப்

தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனம் தயாரித்த பிடி2399, கிட்டார்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. கரோக்கே பெட்டிகளில் பாடுபவரின் குரலுக்கு எதிரொலி கொடுப்பதற்கான சிப் அது. 16 கால்கள் (வெளியே நீட்டும் உலோக இணைப்பு முனைகள்), 5 வோல்ட் மின்சாரம், உள்ளேயே 44 ஆயிரம் பிட் நினைவகம். ஒலியை எண்ணாக்கும் பகுதி, நினைவகம், எண்ணை ஒலியாக்கும் பகுதி, இவற்றை ஓட்டும் சீரான துடிப்பைத் தரும் கிளாக் எல்லாம் ஒரே உடம்பில். வெளியே சில ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் போட்டால் டிலே தயார். விலை மலிவு என்பதால் பெடல் செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் உள்வேலையை ஒரு குடை ராட்டினமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ராட்டினத்தில் 44 ஆயிரம் இருக்கைகள். ஏறுமிடமும் இறங்குமிடமும் ஒன்றே. ஒலியின் ஒவ்வொரு துணுக்கும் ஓர் இருக்கையில் ஏறி, முழுச் சுற்று சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்தான் தாமதம். இருக்கைகளைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தாமதத்தை நீட்டவேண்டுமானால் ராட்டினத்தை மெதுவாக ஓட்டவேண்டும். வேறு வழியே இல்லை.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பது கிளாக். கிளாக்கின் வேகத்தைத் தீர்மானிப்பது 6-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் இணைப்புக்கு, போகும் ஒரே ஒரு ரெசிஸ்டரின் மின்தடை. சிப்பின் தரவுத்தாளில் இருக்கும் அளவுகளில் மூன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

1. மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம்: கிளாக் 22 மெகாஹெர்ட்ஸ், தாமதம் 31.3 மில்லி நொடி.
2. மின்தடை 12.1 கிலோ ஓம்: கிளாக் 4 மெகாஹெர்ட்ஸ், தாமதம் 171 மில்லி நொடி.
3. மின்தடை 27.6 கிலோ ஓம்: கிளாக் 2 மெகாஹெர்ட்ஸ், தாமதம் 342 மில்லி நொடி.

கிளாக்கையும் தாமதத்தையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 6 லட்சத்து 84 ஆயிரம் துடிப்பு. முதலாவதில் 6 லட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம். ராட்டினம் ஒரு சுற்று முடிக்கத் தேவைப்படும் துடிப்புகள் எப்போதும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நடைமுறைக் கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: கிலோ ஓமில் உள்ள மின்தடையை 11.46 ஆல் பெருக்கி 29.7 கூட்டினால் மில்லி நொடியில் தாமதம் கிடைக்கும். 50 கிலோ ஓம் போட்டால் சுமார் 600 மில்லி நொடி. 100 கிலோ ஓம் போட்டால் ஒரு நொடியையே தாண்டிவிடும்.

அப்படியானால் ஏன் எல்லாப் பெடலும் ஒரு நொடி தருவதில்லை? துணுக்குகள் போதாது என்பதால்தான். இந்தச் சிப் ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் எழுதும். 342 மில்லி நொடித் தாமதத்தில் நொடிக்குச் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பிட். குறுந்தகட்டில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 7 லட்சத்து 5 ஆயிரத்து 600 பிட். தாமதத்தை ஒரு நொடியாக்கினால் இங்கே மிஞ்சுவது 44 ஆயிரம் பிட்தான். ஒலி மணலைக் கரைத்துக் குடித்ததுபோல் கரகரக்கும். 31.3 மில்லி நொடியில் 0.13 சதவீதமாக இருக்கும் உருக்குலைவு, 342 மில்லி நொடியில் 1 சதவீதம் என்று தரவுத்தாளே சொல்கிறது. அதற்கு மேலான தாமதங்களைத் தரவுத்தாளின் பட்டியல் தொடவே இல்லை. வளைப்பவர்கள் விளையாடுவது பெரும்பாலும் அங்கேதான்.

## சுருதி ஏன் கிணற்றில் விழுகிறது

காணொளிகளில் எல்லோரையும் கவர்வது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

6-ஆம் காலில் 12 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு தொடராக 15 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 15-க்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்ச் மூடியிருந்தால் மின்சாரம் 15-ஐச் சுற்றிக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது 12. திறந்தால் 27. இனி நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. சுவிட்ச் மூடியிருக்கிறது. கிளாக் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ். கிட்டாரில் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றை மீட்டுகிறோம். அது ராட்டினத்தில் ஏறுகிறது.
2. அது இறங்குவதற்குள் சுவிட்சைத் திறக்கிறோம். கிளாக் ஏறத்தாழ பாதியாகிறது.
3. வேகமாக ஓடியபோது ஏறியவர்கள் இப்போது மெதுவாக இறங்குகிறார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இருந்த நேர இடைவெளி இரட்டிப்பாகிறது. 440 ஹெர்ட்ஸில் உள்ளே போன அலை 220-ஐ ஒட்டி வெளியே வருகிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே.
4. பழைய பயணிகள் அனைவரும் இறங்க அதிகபட்சம் ஒரு சுற்று, ஏறத்தாழ 340 மில்லி நொடி ஆகும். அதன் பிறகு இறங்குபவர்கள் மெதுவான வேகத்திலேயே ஏறியவர்கள். எனவே புது ஒலியின் சுருதி சரியாகவே இருக்கும்.
5. ஆனால் ஃபீட்பேக் திறந்திருந்தால் கதை மாறும். இறங்கிய 220 ஹெர்ட்ஸ் மறுபடி ஏறுகிறது. இப்போது அது மெதுவான வேகத்தில் ஏறி, அதே வேகத்தில் இறங்குகிறது. ஆகவே 220 ஆகவே நிலைத்துவிடும்.
6. சுவிட்சை மூடினால் அது மறுபடி 440-க்கு ஏறும். இடையில் மீட்டிய புது ஸ்வரம் 440-இலிருந்து 880-க்குப் போகும்.

குமிழைக் கையால் திருப்பினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். சுவிட்ச் போட்டால் தாவும். கிட்டாரின் நேரடி ஒலி சிப்புக்குள் போகாமல் வேறு பாதையில் வருவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஸ்தாயித் தாவல்தான் வேண்டும் என்றில்லை. இரண்டு தாமதங்களுக்கும் இடையே உள்ள விகிதம் 3-க்கு 2 என்று அமைத்தால் சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே எதிரொலி குதிக்கும். மேலே சொன்ன சூத்திரத்தில் கிடைத்த அளவைத் தோராயமாக வைத்து, ஒரு சிறு பிரீசெட்டால் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) காதுக்குச் சரியாக்கிக்கொள்ளலாம். இந்தப் பெடலுக்குச் செய்யும் மாற்றங்களில் இசைக்கு நிஜமாகவே பயன்படுவது இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

## எது வளையும், எது வளையாது

மூடியைத் திறந்ததும் பார்க்கவேண்டியது 16 கால் சிப் ஒன்று இருக்கிறதா என்பதையும், அருகில் 78எல்05 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கிறதா என்பதையும். வெளியிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 ஆக்குவது அந்த ரெகுலேட்டர். சில நிறுவனங்கள் சிப்பின் மேலே உள்ள எழுத்தைத் தேய்த்து அழித்திருக்கும். அப்போது மல்டிமீட்டர் கைகொடுக்கும்: 1-ஆம் காலில் 5 வோல்ட், 2-ஆம் காலில் அதில் பாதியான 2.5 வோல்ட், 3-ஆம் 4-ஆம் கால்கள் கிரவுண்ட் என்று காட்டினால் பெரும்பாலும் அது பிடி2399தான். கால்களை எண்ணுவது அரைவட்ட வெட்டு இருக்கும் முனையிலிருந்து, வெட்டு மேலே இருக்கும்படி வைத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 8. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 9 முதல் 16.

உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் பெடல்களில் இதே சிப் போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் சிறிய வடிவத்தில் இருக்கும். கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர்தான். சிப்பின் காலில் நேராக ஒயர் வைப்பதைவிட, அந்தக் கால் போய்ச் சேரும் குமிழின் முனையைத் தேடி அங்கே வைப்பது புத்திசாலித்தனம்.

டிஎஸ்பி வகைப் பெடல்கள், அதாவது ஒலியைப் புரோகிராம் மூலம் கையாளும் சிப் கொண்டவை, வேறு சாதி. அவற்றில் கிளாக் ஒரு படிகத்தோடு பூட்டப்பட்டிருக்கும். குமிழ் என்பது புரோகிராமுக்கு ஓர் எண்ணைச் சொல்லும் கருவி மட்டுமே. அங்கே ஒயரை எங்கே வைத்தாலும் ஒன்றும் நடக்காது, அல்லது புரோகிராம் உறைந்து நிற்கும். முன்பு சொன்ன மூவரில் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றவரிடம் இருந்தது பெரும்பாலும் இதுதான். விலை கூடிய பெடல் வளையாமல் மலிவானது வளைவதற்குக் காரணமும் இதுவே: மலிவானதில் வேகத்தைத் தீர்மானிக்கும் கால் சிப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய பக்கெட் பிரிகேட் பெடல்களின் கிளாக்கையும் இதேபோல் வளைக்கலாம். ஆனால் அந்தச் சிப்களில் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. வேலை செய்யும் நிலையில் ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது.

## வளைக்கும் இடங்கள்

1. ஆறாம் கால். இங்கே கிரவுண்டை நோக்கிப் போகும் எதையும் ரெசிஸ்டராகப் பாவிக்கலாம். ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர் வைத்தால், பெடலின் மேல் கையசைத்தே சுருதியை ஆட்டலாம். ஒரு பிரச்சினை: இருட்டில் எல்.டி.ஆரின் மின்தடை லட்சக்கணக்கான ஓமுக்குப் போய்விடும், கிளாக் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் அதற்கு இணையாக 47 கிலோ ஓம், தொடராக 1 கிலோ ஓம் போடவேண்டும். அப்போது எவ்வளவு இருட்டானாலும் தாமதம் 580 மில்லி நொடியை ஒட்டி நிற்கும்.

எல்.டி.ஆருக்குப் பதில் இரண்டு திருகாணிகளைப் பெட்டியின் மேல் வைத்து, ஒன்றை 6-ஆம் கால் பக்கமும் மற்றதைக் கிரவுண்டிலும் இணைத்தால், இடையில் வைக்கும் விரலே ரெசிஸ்டராகிவிடும். பெட்டி உலோகமாக இருந்தால் 6-ஆம் கால் திருகாணிக்கு பிளாஸ்டிக் வாஷர் போடாமல் விடக்கூடாது. இல்லாவிட்டால் இரண்டும் பெட்டி வழியே சேர்ந்துவிடும். உலர்ந்த விரலின் மின்தடை 100 கிலோ ஓம் என்று வைத்தால் 47-க்கு இணையாக அது 32 கிலோ ஓம் ஆகும். தாமதம் 400 மில்லி நொடிக்குச் சற்றுக் கீழே. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அழுத்தினால் மின்தடை 20 கிலோ ஓமுக்கு இறங்கலாம். தாமதம் 190-க்கு வரும். அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், விட்டால் வழிந்து இறங்கும். கூடவே உடம்பு ஏரியலாகி, அறையில் இருக்கும் மின்சாரக் கம்பிகளின் ரீங்காரத்தையும் கொண்டுவரும். இந்த ஓர் அமைப்பைப் பேட்டரியில் மட்டுமே ஓட்ட வேண்டும். தரமற்ற அடாப்டர் ஒன்று உள்ளே பழுதானால் உங்கள் விரல் இருப்பது எங்கே என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

2. ஃபீட்பேக். எதிரொலி திரும்பும் ஒவ்வொரு முறையும் 0.8 பங்காகக் குறைந்தால் பத்தாவது எதிரொலி முதல் ஒலியில் பத்தில் ஒன்றுதான். 0.95 ஆனால் அந்த நிலைக்கு வர 45 சுற்று வேண்டும். 1-ஐத் தாண்டிவிட்டால் குறையவே குறையாது. வளர்ந்துகொண்டே போய், சிப்பின் 5 வோல்ட் கூரையில் முட்டி ஊளையிடும். பல நிறுவனங்கள் ஃபீட்பேக் குமிழோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, 1-ஐ எட்டாமல் தடுத்துவிடுகின்றன. அதற்குக் குறுக்கே ஓர் அழுத்து சுவிட்ச் வைத்தால் போதும். அழுத்தும் வரை ஊளை, விட்டால் மெல்ல அடங்கும். நிலையான சுவிட்சைவிட இதுவே நல்லது. மேடையில் ஊளையை நிறுத்த மறந்துபோகும் அபாயம் இல்லை.

இன்னும் சுவாரஸ்யமானது, ஃபீட்பேக் பாதையை வெட்டி ஒரு ஜாக் வழியாக வெளியே எடுத்து, அங்கே வேறொரு பெடலைச் செருகுவது. டிஸ்டார்ஷன் செருகினால் முதல் எதிரொலி சுத்தமாகவும், அடுத்தடுத்தவை மேலும் மேலும் கிழிந்தும் வரும்.

3. வடிகட்டிகள். 13 முதல் 16 வரையிலான கால்களைச் சுற்றி உள்ள கெப்பாசிட்டர்கள் கிளாக்கின் இரைச்சலை வடிகட்டுகின்றன. இன்னொரு கெப்பாசிட்டரை இணையாகச் சேர்த்தால் எதிரொலி மங்கி, பழைய நாடாக் கருவிபோல் ஆகும். எடுத்துவிட்டால் பளிச்சென்று இருக்கும், கூடவே கீச்சென்ற சத்தமும் வரும்.

4. ஏழும் எட்டும். இந்த இரண்டு கால்களிலும் வழக்கமாக 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒரு பிட்டின் படி உயரத்தை மாற்றும் வேலை இங்கே நடக்கிறது. எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் ஒரே மாதிரி மாற்றினால்தான் ஒலி சரியாக வரும். ஒன்றின் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகாது. ஒலியின் தாக்கமும் தேய்வும் கோணலாகும். வரைபடம் பாராமல் காதால் தேடுபவர்களுக்கு உகந்த இடம் இதுதான்.

5. பட்டினி. ரெகுலேட்டருக்கும் 1-ஆம் காலுக்கும் இடையே ஒரு குமிழ் போட்டு, 5 வோல்ட்டைக் குறைப்பது. சிப் சுமார் 15 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கொண்டால் 100 ஓமே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே 100 அல்லது 220 ஓம் குமிழ் போதும். 10 கிலோ ஓம் குமிழை மாட்டினால் ஒரு மயிரிழை திருப்பலிலேயே எல்லாம் முடிந்துவிடும். மின்னழுத்தம் இறங்க இறங்க எதிரொலி துண்டு துண்டாக அறுந்து, திக்கி, பிறகு காணாமல் போகும். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் யாரும் பயன்படுத்துவதாகத் தோன்றவில்லை.

## பெடல் ஊமையாவது எப்படி

மூன்றாமவருக்கு நேர்ந்ததற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, 9 வோல்ட் செல்லும் இடத்தையும் சிப்பின் ஏதோ ஒரு காலையும் ஒயரால் தொட்டுவிடுவது. 5 வோல்ட் சிப்புக்கு அது மரண அடி. கண்மூடித்தனமாகத் தேடுவதுதான் பெண்டிங்கின் இன்பம் என்றாலும், தேடும் ஒயரின் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வதும், அடாப்டர் ஜாக்கிலிருந்து ரெகுலேட்டர் வரை உள்ள பகுதியை டேப் ஒட்டி மறைத்துவிடுவதும் அந்த இன்பத்தைக் குறைக்காது. சுவரில் நேரடியாகச் செருகும் கருவிகளில் இந்த வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. அங்கே போவது சிப்பின் உயிராக இருக்காது.

இரண்டாவது, சிப்பின் பிறவிக் குணம். மின்சாரம் கொடுத்த முதல் கணத்தில் 6-ஆம் காலின் மின்தடை 1 அல்லது 2 கிலோ ஓமுக்குக் கீழே இருந்தால், பிடி2399 சில நேரம் விழிக்காமலேயே பூட்டிக்கொள்ளும். நேரடி ஒலி வரும், எதிரொலி வராது, ரெகுலேட்டர் சூடாகும். சிப் எரிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கி எறிவது இந்த நிலையில்தான். மின்சாரத்தை நிறுத்தி, தாமதக் குமிழை நீண்ட பக்கம் திருப்பிவைத்து, மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு மின்தடையைக் குறைத்தால் பிரச்சினை இல்லை. நிரந்தரத் தீர்வு, 6-ஆம் காலோடு தொடராக 2.7 கிலோ ஓம் போட்டுவைப்பது. அதற்கு விலை, 60 மில்லி நொடிக்குக் கீழே தாமதம் கிடைக்காது. அந்தக் குறுகிய, தகரக் குழாய்க்குள் பேசுவதுபோன்ற ஒலி வேண்டும் என்பவர்கள், மின்சாரம் வந்து அரை நொடி கழித்தே குறைந்த மின்தடையை இணைக்கும் ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஊளையைப் பற்றி இன்னொன்று. எதிரொலி 1-ஐத் தாண்டி வளரும்போது அது கிட்டாரைவிடப் பல மடங்கு சத்தமாக இருக்கும். ஹெட்ஃபோனில் சோதிக்கவே கூடாது. பெடலின் வெளியீட்டில் எதிரெதிராக இரண்டு சிலிக்கான் டயோடுகளைக் கிரவுண்டுக்குப் போட்டு, அவற்றுக்கு முன்னால் 1 கிலோ ஓம் வைத்தால், சத்தம் சுமார் 0.6 வோல்ட்டில் தட்டையாகி நிற்கும்.

## சுவிட்சுகளை எங்கே வைப்பது

குட்டிப் பெடல்களில் புதிய குமிழுக்கும் சுவிட்சுக்கும் இடமே இருக்காது. பக்கத்தில் ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக் மட்டும் வைத்து, மற்ற எல்லாவற்றையும் தனிச் சிறு பெட்டிக்குள் போட்டுக்கொள்வது வழக்கம். 6-ஆம் காலின் ஒயர் நீளமானால் இரைச்சலை உறிஞ்சும். ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் இடையே கவசமிட்ட ஒயர் வேண்டும். நடுக்கம்பி 6-ஆம் காலுக்கு, கவசம் கிரவுண்டுக்கு.

ஜாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே சுவிட்ச் உள்ள வகையாகப் பார்த்து, பிளக் இல்லாதபோது 6-ஆம் கால் பெடலின் சொந்தக் குமிழுக்கே போகும்படி ஒயரிங் செய்தால், பிளக்கைப் பிடுங்கியதும் பெடல் கடையில் வாங்கியபடியே ஆகிவிடும். ஆனால் இத்தகைய பிளக் உள்ளே நுழையும்போது அதன் முனை ஒரு கணம் கிரவுண்டைத் தொட்டுக்கொண்டு போக வாய்ப்புண்டு. அந்தக் கணத்தில் 6-ஆம் காலின் மின்தடை பூஜ்யம். பெடலுக்கு மின்சாரம் கொடுக்கும்போது பிளக் பாதியில் நின்றிருந்தால் சிப் பூட்டிக்கொள்ளும். அதனால் அந்த 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை வெளிப்பெட்டியில் வைக்காமல், பெடலுக்குள், சிப்புக்கும் ஜாக்குக்கும் நடுவில் வைக்க வேண்டும்.